பி.பி.டி. பிரிவில் தோல்வி: மறுமுறை எழுதுவதற்கு முன் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

கேள்வி – எழுதியவர்: கோட்டுச்சித்திரம்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கட்டடக்கலைஞர் உரிமம் பெறுவதற்கான ஏ.ஆர்.இ. 5.0 தேர்வின் ஆறு பிரிவுகளில் நான்கை முடித்துவிட்டேன். ப்ராக்டிஸ் மேனேஜ்மென்ட், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் எவாலுவேஷன், ப்ரோக்ராமிங் அண்ட் அனாலிசிஸ் ஆகிய நான்கிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி கிடைத்தது. சென்ற வாரம் ப்ராஜெக்ட் பிளானிங் அண்ட் டிசைன், அதாவது பி.பி.டி. பிரிவை எழுதித் தோற்றுவிட்டேன். ப்ராஜெக்ட் டெவலப்மென்ட் அண்ட் டாக்குமென்டேஷன் எனப்படும் பி.டி.டி. இன்னும் எழுதவில்லை.

நான் படித்த முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிழை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வேலை முடிந்து வந்ததும் இரவில் இரண்டு மணி நேரம், வார இறுதிகளில் ஐந்தாறு மணி நேரம் என்று ஏறத்தாழ ஐந்து மாதங்கள் படித்தேன். கட்டமைப்பு, குளிரூட்டல், மின்சாரம், ஒலியியல், கட்டட விதிகள் என்று பிரித்து நானூறுக்கும் மேற்பட்ட குறிப்பு அட்டைகளை எழுதி வைத்துக்கொண்டேன். அவற்றில் எதை எடுத்துக் காட்டினாலும் விடை சொல்லிவிடுவேன். ஆனால் தேர்வில் கேள்வியைப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தெரிந்ததாக இருந்தும், நான்கு விடைகளில் இரண்டு சரியானவையாகவே தோன்றின. கேள்விக்குக் கேள்வி அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நேரத்தை இழந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. எழுபதாவது கேள்வியை ஒட்டி இடைவேளை எடுத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கு முன்பு பன்னிரண்டு கேள்விகளைக் குறியிட்டு வைத்திருந்தேன். அவற்றில் சிலவற்றுக்கு விடையே தேர்ந்தெடுத்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது அவை அனைத்தும் பூட்டப்பட்டிருந்தன.

என் கேள்விகள் மூன்று. தோற்ற பிரிவை மீண்டும் எழுத வேண்டிய அறுபது நாள் காத்திருப்பு முடிந்ததும் பி.பி.டி.யை முதலில் முடிப்பதா, அல்லது இடையில் பி.டி.டி. எழுதுவதா? அட்டைகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு வேறு எந்த வழியில் படிப்பது? முதல் பிரிவில் தேர்ச்சி பெற்று மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் முடிக்காவிட்டால் பழைய தேர்ச்சி காலாவதியாகிவிடும் என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

மறுமொழி 1 – எழுதியவர்: தூண்வரிசை

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், அந்தக் கவலையோடு உட்கார்ந்து படிக்க வேண்டாம். ஐந்தாண்டுக் கெடு என்ற விதி 2023 ஏப்ரல் 30 அன்றே நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு பதிப்பில் பெற்ற தேர்ச்சி அந்தப் பதிப்பு நடைமுறையில் இருக்கும் வரையிலும், அதற்கு அடுத்த பதிப்பு நடைமுறையில் இருக்கும் வரையிலும் செல்லும். உங்கள் மூத்தவர் தவறாகச் சொல்லவில்லை, அவர் தேர்வு எழுதிய காலத்து விதியைச் சொல்கிறார். ஆனாலும் உங்கள் மாநில உரிம வாரியத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், உரிமம் தருவது தேர்வை நடத்தும் தேசிய அமைப்பான என்கார்ப் அன்று, வாரியம்தான்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். நானும் பி.பி.டி.யில் ஒருமுறை தோற்றவன். இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுவது நீங்கள் குறைவாகப் படித்ததன் அடையாளம் அன்று. அந்த இரண்டுமே பெரும்பாலும் உண்மையான கூற்றுகள்தான். கேள்வி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, உரிமையாளர் எதற்கு முன்னுரிமை கேட்டிருக்கிறார், கட்டடத்தின் மற்ற பாகங்களுக்கு என்ன ஆகும் என்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒன்று விழுந்து மற்றொன்று நிற்கும். என்கார்ப் வெளியிட்டுள்ள பாடப் பங்கீட்டைப் பாருங்கள்: பி.பி.டி.யில் 32 முதல் 38 விழுக்காடு வரை, திட்டத் தேவைகளையும் அமைப்புகளையும் ஒருங்கிணைக்கும் ஒரே பகுதிக்குப் போகிறது. கட்டட அமைப்புகள், பொருள்கள் பற்றிய தனிப் பகுதிக்கு 19 முதல் 25 விழுக்காடுதான். உங்கள் நானூறு அட்டைகளும் இந்தச் சிறிய பகுதிக்குள்ளேயே அடங்கிவிட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்தில் தளத்துக்குத் தளம் உயரம் 13 அடி என்றும், உரிமையாளர் 9 அடியில் உட்கூரை (ஃபால்ஸ் சீலிங்) கேட்கிறார் என்றும் கொள்ளுங்கள். மிஞ்சுவது 4 அடி, அதாவது 48 அங்குலம். தளப்பலகையும் உத்திரமும் அதன் மேல் பூசும் தீக்காப்பும் சேர்ந்து 28 அங்குலம், காற்றுக் குழாய் 16 அங்குலம், அதைச் சுற்றிய காப்பும் தொங்கவிடும் இடைவெளியும் 2 அங்குலம், விளக்கும் உட்கூரைச் சட்டமும் 5 அங்குலம். கூட்டினால் 51 வருகிறது. மூன்று அங்குலம் போதவில்லை. கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. உட்கூரையை இறக்கலாம், ஆனால் உரிமையாளர் கேட்ட 9 அடி போய்விடும். தளத்தின் உயரத்தைக் கூட்டலாம், ஆனால் முகப்புச் சுவரின் பரப்பும் படிக்கட்டின் நீளமும் கூடிச் செலவு ஏறும். உயர வரம்பு இருந்தால் அதையும் மீறக்கூடும். உத்திரத்தில் துளையிட்டுக் குழாயை நுழைக்கலாம், ஆனால் அது கட்டமைப்புப் பொறியாளரின் கணக்குக்கு உட்பட்டது. 24 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட குழாயை 32 அங்குல அகலமும் 12 அங்குல உயரமுமாகத் தட்டையாக்கினால் குறுக்குப் பரப்பு அதே 384 சதுர அங்குலமாக இருக்கும், மொத்த உயரமும் 47 ஆகக் குறைந்துவிடும். தட்டையான குழாயில் உராய்வு சற்றுக் கூடும் என்பதால் நடைமுறையில் இயந்திரப் பொறியாளர் அகலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்வார். ஆனாலும் மற்ற வழிகளை விட இது எதையும் பெரிதாகக் குலைக்காத வழி. நான்கு வழிகளுமே நடைமுறையில் உள்ளவை. உரிமையாளர் செலவைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கிறாரா, உட்கூரை உயரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்கும் பழக்கம் அட்டைகளால் வராது.

ஆகவே அட்டைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அவற்றைக் கணக்குகளாக மாற்றச் சொல்கிறேன். விதிகளுக்கும் இதுவே பொருந்தும். மேசை நாற்காலி போட்ட கூடத்துக்கு ஓர் ஆளுக்கு 15 சதுர அடி நிகரப் பரப்பு என்று ஓர் அட்டையில் எழுதியிருப்பீர்கள். அதை எடுத்து, 50 அடிக்கு 60 அடி என்ற ஓர் உணவுக் கூடத்தை வரைந்து பாருங்கள். 3,000 சதுர அடி, 200 பேர். நாற்பத்தொன்பது பேரைத் தாண்டிவிட்டதால் வெளியேறும் வழி இரண்டு வேண்டும். ஓர் ஆளுக்கு 0.2 அங்குலம் வீதம் கதவுகளுக்கு மொத்தம் 40 அங்குலம், இரண்டாகப் பிரித்தால் தலா 20 அங்குலம். ஆனால் கதவின் தடையற்ற அகலம் 32 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பதால் அந்த 20 என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. கூடத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 78 அடி. இரண்டு கதவுகளும் குறைந்தது அதில் பாதியாவது, அதாவது 39 அடியாவது விலகியிருக்க வேண்டும். தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டடம் முழுவதும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, 26 அடி போதும். ஓர் அட்டையிலிருந்து ஐந்து முடிவுகள் வந்துவிட்டன. இப்படி நாள்தோறும் ஒரு கூடம், ஒரு வகுப்பறை, ஒரு கிடங்கு என்று வரைந்து பாருங்கள். மீட்டர் அளவில் படித்து வந்தவர்களுக்கு இது இன்னொரு வகையிலும் உதவும், அடியும் அங்குலமும் கைக்குப் பழகிவிடும்.

மறுமொழி 2 – எழுதியவர்: செங்கல்முகப்பு

தூண்வரிசை அவர்கள் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பி.டி.டி.யைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையே கட்டுமானப் பணியிடங்களைச் சென்று பார்ப்பதுதான். நீங்கள் கன்ஸ்ட்ரக்‌ஷன் பிரிவை முடித்துவிட்டீர்கள் என்பது பெரிய பலம். கட்டுமான ஒப்பந்தத்துக்கான ஏ201 பொது நிபந்தனைகள் ஆவணத்தை வரிவரியாகப் படித்திருப்பீர்கள். மாற்றாணையில் உரிமையாளர், ஒப்பந்தக்காரர், கட்டடக்கலைஞர் மூவரும் கையெழுத்திட வேண்டும், விலையில் உடன்பாடு வரும் முன்பே பணியை மாற்றச் சொல்லும் மாற்றப் பணிப்பாணைக்கு உரிமையாளரும் கட்டடக்கலைஞரும் போதும், விலையையோ காலத்தையோ தொடாத சிறு மாற்றத்தைக் கட்டடக்கலைஞர் மட்டுமே ஆணையிடலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதே ஆவணம் வரைபடங்களும் விவரக்குறிப்புகளும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை, ஒன்றில் கேட்டது எல்லாவற்றிலும் கேட்டதற்குச் சமம் என்று சொல்கிறதே, பி.டி.டி.யின் அடித்தளம் அந்த வரிதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பணியிடத்தில் செங்கல் முகப்புச் சுவர் நாலைந்து வரிசை எழும்பியிருந்த நாளில் போய்ப் பார்த்தேன். செங்கலுக்கும் உள்சுவருக்கும் இடையிலான வெற்றிடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், மேலிருந்து வழிந்த சாந்து கீழே குவிந்து இறுகியிருந்தது. அடிவரிசையில் விட்டிருந்த வடிகால் துளைகளில் ஒரு கம்பியை நுழைத்தபோது மூன்றில் இரண்டு அடைபட்டிருந்தன. அதை விடப் பெரிய பிழை, சுவருக்குள் இறங்கும் நீரை வெளியே திருப்பும் ஃபிளாஷிங் தகடு செங்கலின் வெளிமுகம் வரை வராமல் அரை அங்குலம் உள்ளேயே நின்றுவிட்டது. அப்படி நின்றால் தகட்டின் மேல் வழிந்து வரும் நீர் வெளியே சொட்டாமல், விளிம்பில் மடங்கித் தகட்டுக்கு அடியிலேயே சுவருக்குள் திரும்பிவிடும். திரும்பி வந்து எங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். குறுக்குவெட்டில் தகடு சரியாக வெளியே நீட்டித்தான் வரையப்பட்டிருந்தது. சாந்து விழாமல் தடுக்கும் வலையைப் பற்றி விவரக்குறிப்பில் ஒரு வரி இருந்தது, வரைபடத்தில் இல்லை. கொத்தனார் கையில் இருந்தது வரைபடம் மட்டுமே.

அன்றைக்குப் பிறகு பி.டி.டி. கேள்விகள் எனக்குப் புதிராக இருக்கவில்லை. எந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் அவை திரும்பத் திரும்பக் கேட்கின்றன. பொருளின் இடமும் அளவும் எண்ணிக்கையும் வரைபடத்துக்கு உரியவை. தரமும் சோதனை முறையும் பதிக்கும் முறையும் விவரக்குறிப்புக்கு உரியவை. விவரக்குறிப்புகளை எண்ணிட்டுப் பிரிக்கும் மாஸ்டர்ஃபார்மட் பகுப்பில் 03 கான்கிரீட், 04 கல்-செங்கல் வேலை, 07 வெப்பமும் ஈரமும் தடுப்பவை, 08 கதவு சன்னல்கள் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்வதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் முடிந்துபோன ஒரு திட்டத்தின் சுவர்க் குறுக்குவெட்டை எடுத்து, அதன் மேல் தாள் வைத்துக் கையால் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி, இந்தப் படலம் நீரைத் தடுக்கிறதா, காற்றைத் தடுக்கிறதா, ஆவியைத் தடுக்கிறதா, வெப்பத்தைத் தடுக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அதே சுவரை வேறொரு தட்பவெப்பத்துக்கு மாற்றுங்கள். குளிர் மிகுந்த இடத்தில் ஆவித்தடுப்பு ஏடு வெப்பக்காப்பின் உட்புறத்தில், அதாவது சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் அதை உட்புறம் வைத்தால் வெளியிலிருந்து வரும் ஈரம் குளிரூட்டிய அறையின் சுவருக்குள் சிக்கித் தண்ணீராகிவிடும். மூன்று வாரத்தில் அடித்தளம், சன்னல், கூரை விளிம்பு என்று ஒன்பது பத்து இடங்களை இப்படி வரைந்துவிடலாம். பி.டி.டி.யில் 31 முதல் 37 விழுக்காடு பொருள்களையும் அமைப்புகளையும் ஒருங்கிணைப்பதற்கும், 32 முதல் 38 விழுக்காடு கட்டுமான ஆவணங்களுக்கும் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். இந்தப் பயிற்சி இரண்டையும் தொடுகிறது.

மறுமொழி 3 – எழுதியவர்: படிவரிசை

நான் தேர்வு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பூட்டப்பட்ட அந்தப் பன்னிரண்டு கேள்விகளைப் படித்ததும் மனம் வருந்தியது, அது உங்கள் அறிவோடு தொடர்பில்லாத இழப்பு. 2020 டிசம்பரில் வீட்டிலிருந்தே எழுதும் முறையைக் கொண்டு வந்தபோதுதான் இந்த விதியும் வந்தது: இடைவேளைக்குப் போய்விட்டால், அதற்கு முன் திரையில் பார்த்த எந்தக் கேள்விக்கும் திரும்ப முடியாது, விடை எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும். பார்க்காத கேள்விகள் மட்டுமே எஞ்சும்.

பி.பி.டி.க்கு 100 கேள்விகள், 4 மணி 5 நிமிடங்கள். சராசரியாக ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு திட்டத்தின் ஆவணங்களைத் தந்து கேட்கும் ஆய்வுநிலைக் கேள்விகள் (கேஸ் ஸ்டடி) இறுதியில் வரும், அவற்றுக்கு வரைபடங்களையும் விதிப் பக்கங்களையும் திறந்து தேட வேண்டியிருப்பதால் நேரம் கூடுதலாக வேண்டும். நான் செய்தது இது: தனிக் கேள்விகள் அனைத்தையும் முடித்து, குறியிட்டவற்றை அப்போதே திரும்பப் பார்த்துத் தீர்த்து, ஒன்றையும் வெறுமையாக விடாமல் நிரப்பிவிட்டு, ஆய்வுநிலைப் பகுதியைத் திறப்பதற்கு முன் இடைவேளை எடுத்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. வெறுமையாக விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் எத்தனை என்பதைக் கேள்வியே சொல்லும், ஆனால் ஒன்று தவறினாலும் முழுக் கேள்வியும் போய்விடும் என்பதால் அவற்றில் நெடுநேரம் நிற்க வேண்டாம்.

ஆய்வுநிலைப் பகுதியில் ஆவணங்களை முதலிலேயே முழுவதும் படிக்கத் தொடங்காதீர்கள். கேள்வியைப் படித்து, எந்த ஆவணத்தில் விடை இருக்கும் என்று முடிவு செய்து, பிறகு அதை மட்டும் திறவுங்கள். என்கார்ப் கணக்கில் ஒவ்வொரு பிரிவுக்கும் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் போட்டுப் பார்க்காமல், ஒரு சனிக்கிழமை காலையில் முழு நேரமும் உட்கார்ந்து, இடைவேளையையும் அதே இடத்தில் எடுத்து எழுதிப் பாருங்கள். தேர்வில் வரும் அதே திரை, அதே கருவிகள்.

கேள்வி கேட்டவர் – கோட்டுச்சித்திரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அந்த 50 அடிக்கு 60 அடிக் கூடத்தை வரைந்து பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது, ஆனால் இரண்டு கதவுகளையும் ஒரே சுவரில் வைத்துவிட்டு, 39 அடி விலகல் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தேன். பிறகுதான் அந்தச் சுவருக்கு வெளியே இருப்பது ஒரே நடைகூடம் என்பதையும், அங்கே தீப்பிடித்தால் இரண்டு வழிகளும் ஒருசேர அடைபடும் என்பதையும் கவனித்தேன். இந்த எண்ணம் அட்டை படித்த ஐந்து மாதத்தில் எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை.

என் முதல் கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பி.டி.டி.யை இடையில் எழுதலாமா? இரண்டிலும் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இருக்கிறது.

மறுமொழி 4 – எழுதியவர்: தூண்வரிசை

எழுதலாம் என்பதே என் கருத்து. அறுபது நாள் காத்திருப்பு தோற்ற பிரிவுக்கு மட்டும்தான், மற்றொன்றை எழுத அது தடை இல்லை. பி.பி.டி.க்காக நீங்கள் படித்த கட்டமைப்பு, இயந்திர அமைப்புகள், விதிகள் எல்லாம் இப்போது நினைவில் புதிதாக இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி பி.டி.டி.க்கும் வேண்டியவை. வேறுபாடு, பி.பி.டி. எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும், பி.டி.டி. தேர்ந்தெடுத்ததை எப்படி வரைந்து எழுதுவது என்று கேட்கும். ஆறு மாதம் தள்ளிப் போட்டால் இரண்டுக்கும் தனித்தனியாக முதலிலிருந்து தொடங்க நேரும்.

அடுத்த ஐந்து வாரம் செங்கல்முகப்பு அவர்கள் சொன்ன குறுக்குவெட்டுப் பயிற்சியைச் செய்து, ஆறாவது வாரத்தில் பி.டி.டி. எழுதுங்கள். அதன் பிறகு பி.பி.டி.க்கு மூன்று வாரம் கிடைக்கும். அந்த மூன்று வாரத்துக்கு ஒருங்கிணைப்புக் கணக்குகளும் மாதிரித் தேர்வும் போதும். அச்சத்தைப் பொறுத்தவரை, ஒரு பிரிவைப் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை வரை எழுத அனுமதி உண்டு. நீங்கள் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கட்டணம் மீண்டும் கட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். உங்கள் அலுவலகம் தேர்ச்சி பெற்ற பின் கட்டணத்தைத் திருப்பித் தருகிறதா, முயற்சிக்கே தருகிறதா என்று கேட்டு வையுங்கள். பல அலுவலகங்களில் கேட்டால்தான் கிடைக்கும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்று. தோல்வி அறிக்கையில் பகுதிவாரியாக உங்கள் நிலை குறிக்கப்பட்டிருக்கும். அதில் ஒருங்கிணைப்புப் பகுதியும் விதிகள் பகுதியும் எப்படி இருக்கின்றன என்பதை இங்கே எழுதுங்கள். விதிகள் நன்றாக இருந்து ஒருங்கிணைப்பு மட்டும் தாழ்ந்திருந்தால், அந்த மூன்று வாரத்துக்கான கணக்குகளை நானே எழுதித் தருகிறேன்.